அடிக்கு ஒரு மயிரிழை பின்னால்

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் எங்களுக்கு வியாழன் ராத்திரி ரிசப்ஷன் கச்சேரி. பத்தரை மணிக்குக் கடைசிப் பாட்டு முடியும். கேபிள்களைச் சுருட்டி, பெட்டிகளை ஏற்றி, பந்தியில் மிச்சமிருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் புதுக்கோட்டையிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ திருச்சிக்குக் கிளம்பும்போது பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். வேன் பைபாஸ் ஏறுவதற்குள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அன்றைக்கு வந்த புது ஆல்பத்தைத் திறப்பேன். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளிவருகின்றன. அதற்கு முன்னால் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று ஆளுக்கு ஒரு கிழமை வைத்திருந்தார்கள். இப்போது நடுராத்திரி தாண்டியதும் போனில் வந்து நிற்கிறது. ஆகவே என் வேன் பயணமும் உலகத்தின் புது இசையும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன.

நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக மெல்லிசைக் குழுக்களில் இருக்கிறேன். மேடையில் வாசிப்பது நம் சினிமாப் பாட்டு. பேஸ் கிட்டாரைத் தனியாகப் பேசவைத்த பாட்டுகள் நம்மிடம் ஏராளம், அந்த வகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தனியாக இருக்கும்போது மனசு போகிற இடம் வேறு. அமெரிக்கக் கறுப்பினத்தவர்களின் சோல் இசையில் ஜாஸும் ஹிப்ஹாப்பும் கலந்து தொண்ணூறுகளில் உருவான நியோ சோல். அதற்குப் பக்கத்து வீடான ஸ்மூத் ஜாஸ். என்னிடம் பேஸ் கற்றுக்கொள்ள வரும் பையன்கள், "சார், புதுசா எதைக் கேட்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பங்களைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 41 முறை, அதிர்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. பாட்டில் பாதி ஆளே இல்லாமல் கேட்பது மாதிரி ஆகிவிடும். சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். கூடவே வாசித்துப் பழகுகிறவர்களுக்கு ப்ளூடூத்தும் உதவாது. அதில் ஒலி தாமதமாகத்தான் காதுக்கு வருகிறது. இந்த இசையில் எல்லாமே அந்தத் தாமதத்தின் அளவில்தான் இருக்கிறது.

எனக்கு இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். 2004-ல் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த கல்லூரி நண்பன் சில சிடிக்களைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒன்று நியோ சோல் பாடகர் டி'ஏஞ்சலோவின் 'வூடூ'. 2000 ஜனவரியில் வந்த ஆல்பம். முதல் தடவை போட்டபோது ப்ளேயரில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். டிரம்ஸ் ஓரிடத்தில் விழுகிறது. பேஸ் அதோடு சேராமல் பின்னாலேயே வருகிறது. ஒரு பாட்டில் அல்ல, ஏறக்குறைய எல்லாவற்றிலும். எங்கள் பாஷையில் இதற்கு "இழுக்குது" என்று பெயர். மேடையில் இழுத்தால் எங்கள் கீபோர்டு அண்ணன் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் நான் காலப்பிரமாணம் கற்றேன்.

ஆனாலும் சிடியை நிறுத்த மனசு வரவில்லை. மூன்றாவது முறை, பாட்டை விட்டுவிட்டுக் காலால் தட்டிக்கொண்டே கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. வேகம் குறையவே இல்லை. இழுப்பது வேறு, பின்னால் உட்காருவது வேறு. இழுத்தால் பாட்டு போகப்போகத் தளரும். பின்னால் உட்கார்ந்தால் வேகம் அப்படியே நிற்கும், நம் ஸ்வரம் மட்டும் அடி விழுந்த பிறகு ஒரு மயிரிழை தள்ளி வந்து இறங்கும். ஒவ்வொரு முறையும் அதே மயிரிழை. நிமிஷத்துக்கு 80 அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முக்கால் விநாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு விநாடியில் ஐந்தில் ஒன்றுகூட வராது. அந்தப் பங்குக்குள்ளும் ஒரு சின்னத் துண்டுதான் இந்தத் தள்ளல். காதுக்குத் தாமதம் என்று படுவதற்கு முன்னால் உடம்புக்குச் சுகம் என்று பட்டுவிடுகிறது. தோள் தானாகத் தளர்கிறது.

சின்ன வயதில் ஸ்ரீரங்கத்தில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றேன். அனாகத எடுப்பு தெரியும். அரை இடமோ முக்கால் இடமோ தள்ளிப் பாட்டை எடுப்பது. முதலில் அதுதானோ என்று நினைத்தேன். இல்லை. அனாகதம் கணக்கு. விரலை மடக்கி எண்ணிக் காட்டலாம், சிஷ்யனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இதை எண்ணிக் காட்ட முடியாது. டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா என்ற இசைக்கலைஞரிடமிருந்து வந்த பழக்கம் இது. எம்பிசி என்ற தாளப் பெட்டியில் நாம் தட்டுவதை அந்தப் பெட்டியே நேராக்கி ஒழுங்குபடுத்திக் கொடுக்கும். அவர் அந்த வசதியைத் தள்ளிவைத்துவிட்டு, விரல் விழுந்த இடத்திலேயே தாளத்தை விட்டார். 2006-ல், 32 வயதில் போய்விட்டார். அவர் பெட்டியில் செய்ததை டிரம்மர் குவெஸ்ட்லவ் கையால் வாசிக்கப் பழகினார். அந்தக் கையோடு சேர்ந்து பேஸ் வாசித்தவர் பீனோ பல்லடினோ, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்துக்காரர். பி.பி. கிங்கின் ஒரு ரெக்கார்டிங்கில் டி'ஏஞ்சலோ அவரைச் சந்தித்து அழைத்துக்கொண்டார். நியூயார்க்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்தார்கள். இயந்திரத்தில் பிறந்த ஒரு தடுமாற்றத்தை மனிதர்கள் கூடி உட்கார்ந்து, கையால், ஒரு ஒழுக்கமாக மாற்றியிருக்கிறார்கள். இருபது வருஷம் கேட்ட பிறகும் இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

போன வருஷம் ரிகர்சலில் இதை முயற்சி செய்தோம். மின்னணு டிரம்ஸான பேட் வாசிக்கும் தம்பிக்கு வயது இருபத்துமூன்று, நல்ல கை. தாளம் காட்டும் மெட்ரோனோமை 80-ல் வைத்து, சாதாரணமாக ஒரு தாளத்தை ஓட்டச் சொன்னேன். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது பாரிலேயே (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) நிறுத்திவிட்டான்.

"அண்ணே, லேட்டா வர்றீங்க."

"வேணும்னுதான்டா. நீ என்னைப் பார்க்காதே. உன் அடியில நில்லு."

மறுபடி ஓட்டினோம். சூட்சுமம் இங்கேதான். பேஸ்காரன் பின்னால் போவது கஷ்டமில்லை. அவன் வரவில்லையே என்று டிரம்மர் காத்திருக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஒருத்தர் வரும்வரை நிற்பது மனுஷ சுபாவம். அவன் நின்றான் என்றால் பாட்டு படுத்துவிடும். அன்று நாலு பார் வந்தது. நாலே பார், ஆனால் அறை முழுக்க ஏதோ கனம் கூடியதுபோல் இருந்தது. கீபோர்டு அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது பாரில் தம்பி என்னோடு வந்து சேர்ந்துவிட்டான்.

சரி, ஸ்மூத் ஜாஸுக்கு வருகிறேன். பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. லிஃப்டில் ஓடுவது, ஹோட்டல் வரவேற்பறையில் ஓடுவது என்பார்கள். சென்னையில் ஒரு ஹோட்டலில் ஆறு மாதம் சாயங்காலக் கச்சேரி வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இசையை நன்றாக வாசிப்பது லேசான வேலை இல்லை. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது, ஆனால் கவனிக்கிறவனுக்குத் தீனியும் இருக்க வேண்டும். 1980-ல் வந்த, சாக்ஸபோன் கலைஞர் க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'வைன்லைட்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மூத் ஜாஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அதன் இலக்கணத்தை எழுதிவைத்த ஆல்பம். பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' அதில்தான் இருக்கிறது. டிரம்ஸ் ஸ்டீவ் காட். பேஸ் மார்கஸ் மில்லர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. சாக்ஸபோன் மேலே மிதக்கும்போது கீழே அந்தப் பையன் வாசிப்பதை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பாட்டின் ஒரு வரியைக்கூட மறைக்காமல், ஆனால் ஒரு நிமிஷமும் சும்மா இல்லாமல், முழு வீட்டையும் தாங்குகிறார்.

அப்புறம் இது ரேடியோவின் சொத்தானது. 1987 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் 'த வேவ்' என்ற நிலையம் இந்த மாதிரி இசையை ஒலிபரப்பத் தொடங்கியது. ஊர் ஊராகப் பரவியது. ரேடியோவுக்கு ஏற்றபடி இசையும் மாறியது. பாட்டின் நீளம் குறைந்தது, தனி ஆவர்த்தனம் குறைந்தது, டிரம்ஸ் வாசிக்கும் ஆளுக்குப் பதில் பெட்டி வந்தது. என் மனசுக்கு இந்த இசையின் பலவீனம் மென்மை இல்லை, அந்தப் பெட்டிதான். நேராக்கப்பட்ட தாளத்தின் மேல் எவ்வளவு அழகான சாக்ஸபோனை வைத்தாலும் அது நிற்கிறது, அசைவதில்லை. 2008-ல் நியூயார்க்கின் ஸ்மூத் ஜாஸ் நிலையம் ராக் இசைக்கு மாறியது. மற்ற ஊர்களிலும் ஒவ்வொன்றாக அணைந்தன. ரேடியோ கைவிட்ட பிறகும் இசைக்கலைஞர்கள் கைவிடவில்லை. பலர் கப்பல் பயணக் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள். ரசிகர்களும் இசைக்கலைஞர்களும் ஒரே கப்பலில் ஒரு வாரம் இருப்பார்கள். சாக்ஸபோன்காரர் டேவ் காஸ் இப்படிப் பல வருஷமாக நடத்திவருகிறார்.

அந்த வரிசையில் நான் விடாமல் கேட்பவர் போனி ஜேம்ஸ். அவர் தொழிலை ஆரம்பித்தது கீபோர்டில். அது இன்றும் அவர் சாக்ஸபோனில் தெரிகிறது. தனி ஸ்வரத்தை அல்ல, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டைத்தான் முதலில் யோசிக்கிறார். 2024 அக்டோபரில் வந்த 'ஸ்லோ பர்ன்' பெயருக்கேற்ற ஆல்பம். அதில் அவசரமே இல்லை. ஓர் இரவில் இரண்டு தடவை ஓடவிட்டேன், கீரனூர் தாண்டியது தெரியவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில் இல்லை. இரண்டு மூன்று பாட்டு வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கழிந்தன. ஆனால் நல்ல இடங்களில் ஆளின் மூச்சு காதுக்குக் கேட்கிறது, அது எனக்குப் போதும்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷெல் என்டெகெயோசெல்லோ. பாடகி, பாட்டு எழுதுகிறவர், எல்லாவற்றுக்கும் முதலில் பேஸ் கிட்டார் கலைஞர். அந்தக் குடும்பப்பெயரை அவரே சூட்டிக்கொண்டார். ஸ்வாஹிலி மொழியில் பறவைபோல் விடுதலை என்று அர்த்தம். 1993-ல் முதல் ஆல்பம் வந்தது. நியோ சோல் என்ற பெயரே பிறகுதான் வந்தது. கெடார் மாசன்பர்க் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காரர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சூட்டிய பெயர் அது. பல கலைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அது கடைக்காரர் ஒட்டிய சீட்டு மாதிரிதான் படுகிறது. சொல்ல வேறு சொல் இல்லாததால் சொல்கிறேன்.

2023 ஜூன் 16-ல் அவருடைய 'தி ஆம்னிகார்ட் ரியல் புக்' ப்ளூ நோட் நிறுவனத்திலிருந்து வந்தது. பெயரில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஆம்னிகார்ட் என்பது சுசுகி நிறுவனம் எண்பதுகளில் கொண்டுவந்த சின்ன மின்னணு வாத்தியம். இடது கையால் கார்டு பட்டனை அழுத்தி, வலது கை விரலால் ஒரு தகட்டைத் தடவினால் ஸ்வர்மண்டலின் தந்திகளை வருடியதுபோல் ஒலிக்கும். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்த பொருள். கொரோனா ஊரடங்கில் அதை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பாட்டுகளைக் கட்டினார். இரண்டாவது பொருள், ரியல் புக். எழுபதுகளில் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் ஜாஸ் பாட்டுகளின் மெட்டையும் கார்டுகளையும் கையால் எழுதித் தொகுத்த புத்தகம். பாட்டுக்காரர்களிடம் அனுமதி வாங்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் ஜெராக்ஸாகவே கைமாறியது. 2004-ல்தான் முறையாக அச்சிட்டார்கள். மிஷெலின் அப்பா சாக்ஸபோன் கலைஞர். பெற்றோர் இறந்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்தபோது, சின்ன வயதில் அப்பா கொடுத்த ரியல் புக் அவர் கைக்கு வந்தது. ஆல்பத்தின் பெயர் அப்படி வந்தது.

இதைப் படித்ததும் நான் அலமாரியிலிருந்து எடுத்தது எங்கள் மாஸ்டரின் பாட்டு நோட்டு. நீள நோட்டு, முந்நூறு பாட்டுக்கு மேல், ஊதா மையில் கார்டுகள். திருச்சியில் என் வயதில் கிட்டாரோ பேஸோ வாசிக்கிற அநேகம் பேரிடம் அதன் ஜெராக்ஸ் இருக்கும். அதில் ஒரு பாட்டின் சரணத்தில் டி மைனர் வர வேண்டிய இடத்தில் மைனருக்கான சின்ன எழுத்தை மாஸ்டர் விட்டுவிட்டார். நாங்கள் எல்லோரும் பல வருஷம் அங்கே டி மேஜர்தான் வாசித்தோம். அசலைக் கவனித்துக் கேட்ட ஒரு பாடகி சொன்ன பிறகுதான் திருத்தினோம். ரியல் புக்கிலும் அப்படித்தானாம். பிழையான கார்டுகள் நிறைய, அந்தப் பிழைகளோடே ஒரு தலைமுறை வாசித்தது. கடல் தாண்டி இருக்கிற ஒரு தொழிலும் இதே மாதிரி ஜெராக்ஸில் பிழைத்திருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆல்பம் பெரியது, ஒரு மணி நேரத்துக்கு மேல். 'விர்கோ' என்ற நீளப் பாட்டில் பிராண்டி யங்கரின் ஹார்ப் வருகிறது. நான் பையன்களிடம் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான். பேஸ் கலைஞரின் ஆல்பம் என்றால் பேஸ் துள்ளிக் குதிக்கும் என்று எதிர்பார்த்து உட்காருவார்கள். இங்கே பேஸ் இரண்டு மூன்று ஸ்வரத்தை வைத்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. நகராமல் நிற்பதால்தான் மேலே ஹார்ப்பும் குரல்களும் பயமில்லாமல் அலைகின்றன. கிராமி விருதில் மாற்று ஜாஸ் ஆல்பம் என்று ஒரு புதுப் பிரிவை ஏற்படுத்தி 2024-ல் முதல்முறை கொடுத்தபோது, அது இந்த ஆல்பத்துக்குத்தான் போனது. அடுத்த வருஷமும் அவருக்கே. அது எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பிறந்து நூறு வருஷம் நிறைந்த அன்று, 2024 ஆகஸ்ட் 2-ல் வெளியிட்ட 'நோ மோர் வாட்டர்'. அதில் கவிதை வாசிப்பு உண்டு, கோபம் உண்டு, சர்ச் பாட்டின் வாடை உண்டு. வேனில் கேட்கிற ஆல்பம் இல்லை அது. வீட்டில், விளக்கு எரியும்போது உட்கார்ந்து கேளுங்கள்.

புரட்டாசியில் எங்களுக்குக் கல்யாணக் கச்சேரி கிடையாது. வருமானத்துக்கு மோசமான மாதம், காதுக்கு நல்ல மாதம். 2023 புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் க்ளியோ சோல்தான். லண்டன் பாடகி. செப்டம்பர் 15-ல் 'ஹெவன்', சரியாக இரண்டு வாரம் கழித்து 29-ல் 'கோல்ட்' என்று இரண்டு ஆல்பம் விட்டார். பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. அவருடைய ஆல்பங்களைத் தயாரிக்கும் இன்ஃப்ளோதான் சால்ட் என்ற குழுவுக்கும் பின்னால் இருப்பவர். அந்தக் குழுவின் வழிமுறையே தனி. 2021-ல் ஓர் ஆல்பத்தை 99 நாள் மட்டும் கேட்கக் கொடுத்துவிட்டு எடுத்துவிட்டார்கள். 2022 நவம்பரில் ஒரே நாளில் ஐந்து ஆல்பம் இலவசமாகக் கொடுத்தார்கள்.

க்ளியோ சோலின் குரலை வாத்தியங்களுக்கு மேலே தூக்கி வைப்பதில்லை. பக்கத்து அறையில் யாரோ வேலை செய்துகொண்டே பாடுகிற மாதிரி வைத்திருப்பார்கள். என் மனைவிக்கு நான் கேட்கும் இசையில் பெரிய நாட்டம் இல்லை. 'கோல்ட்' ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "இது யாரு? நல்லா தூங்கவைக்கிற குரலா இருக்கே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பெண் சின்னவளாக இருந்தபோது தொட்டில் அருகே தான் பாடிய நினைப்பில் சொன்னாள். நான் உடனே 2021-ல் வந்த 'மதர்' ஆல்பத்தைப் போட்டேன். க்ளியோ சோல் தாயான பிறகு பாடியது, அட்டையில் கைக்குழந்தையோடு இருப்பார். கீரை ஆய்ந்து முடிந்து, அலசி, அடுப்பில் ஏறி இறங்கும்வரை அவள் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நம் மொழிக்கு ஒரு நிஜமான தொடர்பு இருக்கிறது. சால்ட் குழு 2023 டிசம்பரில் லண்டனில் முதல்முறையாக மேடை ஏறியபோது அதில் பாடியவர்களில் ஒருவர் கானவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அவர் இசை நியோ சோல் இல்லை, ஜாஸும் நம் சங்கீதமும் சந்திக்கிற வேறொரு கரை. 2025-ல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயர் 'நிலம்'. கேட்டுப் பாருங்கள், தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

ராபர்ட் க்ளாஸ்பரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2012-ல் 'ப்ளாக் ரேடியோ', 2022-ல் அதன் மூன்றாம் பாகம், இரண்டுக்கும் சிறந்த ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) ஆல்பத்துக்கான கிராமி. ஜாஸ் பியானோக்காரர் ஒருவர் அந்தப் பிரிவில் போய் வென்றதே செய்திதான். நான் இப்போது அந்த முதல் ஆல்பத்துக்குத் திரும்பிப் போவது கேஸி பெஞ்சமினுக்காக. சாக்ஸபோனும் வாசிப்பார், குரலை இயந்திரக் குரல்போல் மாற்றும் வோகோடர் வழியாகப் பாடவும் செய்வார். 2024 மார்ச்சில், 45 வயதில் இறந்துபோனார். இளைஞர்களில் பாடகர் லியான் தாமஸ். 2024 செப்டம்பர் 27-ல் வந்த 'மட்' ஆல்பமும் புரட்டாசி வரவுதான். சின்ன வயதில் டிவி தொடரில் நடித்த பையன். வந்த வாரமே ஓடி மறையாமல் 2025 முழுக்க மெல்ல மெல்ல ஏறியது. பேஸும் டிரம்ஸும் அதில் அழுக்காக, உயிரோடு இருக்கின்றன.

2025 இந்த இசையிலிருந்து நிறையப் பேரை எடுத்துக்கொண்டு போனது. பிப்ரவரி 24-ல் பாடகி ராபர்ட்டா ஃப்ளாக். மார்ச் 1-ல் பாடகி ஏஞ்சி ஸ்டோன், கச்சேரி முடிந்து திரும்பும்போது வேன் விபத்தில். அந்தச் செய்தியைப் படித்த நாள் நானும் ஒரு வேனில்தான் இருந்தேன். படித்துவிட்டு டிரைவர் அண்ணனிடம், டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லி நிறுத்தச் சொன்னேன். மார்ச் 4-ல் வைப்ரஃபோன் கலைஞர் ராய் ஏயர்ஸ். அக்டோபர் 14-ல் டி'ஏஞ்சலோ.

தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. பெண்ணுக்குச் சுடிதார் எடுக்க என்.எஸ்.பி. ரோடு போய்விட்டு, கூட்டத்தில் நசுங்கி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிங்கப்பூர் நண்பன் ஒரு வரி அனுப்பியிருந்தான். கணையப் புற்றுநோய், 51 வயது. முப்பது வருஷத்தில் மூன்றே ஆல்பம், 1995, 2000, 2014. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பதினாலு வருஷம். அந்தப் பதினாலு வருஷத்தில் எனக்குக் கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். நான்காவதுக்கும் அப்படியே காத்திருக்கலாம் என்று இருந்தேன். அன்று ராத்திரி சிடியைத் தேடி எடுத்தேன், ப்ளேயர் வேலை செய்யவில்லை. போனில் போட்டுக் கேட்டேன். தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அதிகம் கேட்பது, அதே வருஷம் ஆகஸ்டில் வந்த 'தட் வாஸன்ட் எ ட்ரீம்'. பீனோ பல்லடினோவும் கிட்டார் கலைஞர் ப்ளேக் மில்ஸும் சேர்ந்து செய்தது. இருவரும் 2021-ல் முதல் ஆல்பம் விட்டபோது பீனோவுக்கு வயது 63. நாற்பது வருஷம் மற்றவர்களின் பாட்டுக்கு அடித்தளம் போட்டவர், அட்டையில் தன் பெயரைப் போட்டது அப்போதுதான். புது ஆல்பத்தில் மனிதர் அதே மாதிரிதான் இருக்கிறார். முன்னால் வந்து நிற்பதில்லை. கிட்டார் ஒன்றைச் சொல்லி முடித்து, அந்த ஒலி அடங்கும் நேரத்தில், பேஸ் வந்து ஒரு ஸ்வரத்தை வைக்கிறது. வைத்த பிறகுதான் முன்னால் சொன்னதன் அர்த்தமே மாறுகிறது.

'வூடூ' காலத்தில் அவர் மாட்டியிருந்த வகைக் கம்பியைப் போன மாதம் நானும் வாங்கினேன். ஃப்ளாட்வவுண்ட். மற்ற கம்பிகளில் மேலே உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள், விரல் நகர்ந்தால் கீச்சென்று கேட்கும். இதில் சுற்றியிருப்பது தட்டையான நாடா. விரலுக்குக் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஸ்வரம் கணீரென்று நிற்காது, 'தொம்' என்று இறங்கிச் சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டு கச்சேரிச் சம்பளம் போனது. மேடைக்கு ஒத்துவராது என்பதால் பழைய பேஸில் மாட்டி, மாடி அறையில் வைத்திருக்கிறேன்.

ராத்திரி பெண் படித்து முடித்துத் தூங்கிய பிறகு, 'வூடூ'வில் உள்ள 'செண்ட் இட் ஆன்' பாட்டைப் போட்டு அதன் கூடவே வாசிக்கிறேன். மெதுவான பாட்டு, ஸ்வரங்கள் சுலபம், என் மாணவர்களே வாசித்துவிடுவார்கள். இறங்குகிற இடம்தான் பிடிபட வேண்டும். எட்டு பார் வரைக்கும் பீனோவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஒன்பதாவதில் இன்றைக்கும் முன்னால் போய்விடுகிறேன்.